பக்கத்து மிஷின்காரர் போட்ட பாட்டு

ஐம்பது வயதைத் தாண்டிய பனியன் கம்பெனி டெய்லர் ஒருவரிடம், காசு கொடுத்து வாங்கிய முதல் கேசட் எது என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் சொல்வார். படத்தின் பெயர், அட்டையில் யார் முகம், ஏ சைடில் முதல் பாட்டு எது என எல்லாம் வரும். ஆனால் வேலைக்கு நடுவே அவர் வாய் தானாக முணுமுணுப்பது அநேகமாக அந்தக் கேசட்டில் இருந்த பாட்டாக இருக்காது. பக்கத்து மிஷின்காரர் கொண்டுவந்து போட்டதாக இருக்கும். இது ஏன் இப்படி ஆனது என்பதுதான் திருப்பூரில் கேசட் வாழ்ந்த கதை.

கேசட் பிறந்தது பெல்ஜியத்தில், ஹாசெல்ட் என்ற ஊரில் இருந்த பிலிப்ஸ் ஆலையில். லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளருக்கு ரீல் டேப்போடு மல்லுக்கட்டி அலுத்துவிட்டது. கோட்டுப் பையில் நுழையும் அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, கருவி இதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்றார். 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் கேசட் வெளியானது. ஜப்பான் நிறுவனங்களும் தயாரிக்கட்டும் என்று பிலிப்ஸ் உரிமத்தொகை வாங்காமல் விட்டுக்கொடுத்தது. உலகெங்கும் ஒரே அளவுக் கேசட் ஓடியதற்கு அதுவே காரணம். உள்ளே இருப்பது 4 மில்லிமீட்டர்கூட அகலமில்லாத நாடா. அறுபது நிமிடக் கேசட்டில் சுமார் 90 மீட்டர் சுற்றியிருக்கும். பாலியஸ்டர் படலத்தின் மேல் இரும்பு ஆக்சைடு பூசியிருப்பார்கள். பனியனைத் தைக்கும் நூல்கண்டிலும் அதே பாலியஸ்டர்தான்.

கேசட்டுக்கு முன்பே அதன் அண்ணன் இந்தப் பக்கம் வந்துபோயிருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தபோது, 1965இல் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுபவரிடம் கேட்டு ரீல் டேப்பில் பதிவுசெய்தார். பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியின் அந்தக் கதை இரவு இரவாகப் பாடப்படுவது. ஊரே உட்கார்ந்து கேட்பது. பாட்டு என்றால் கூடிக் கேட்பது என்ற வழக்கம் இந்த மண்ணில் கேசட்டுக்கு முன்பே இருந்தது. வந்த கேசட் அந்த வழக்கத்துக்குள்தான் போய் உட்கார்ந்தது.

அதற்கு முன் பாட்டைச் சொந்தமாக வைத்துக்கொள்வது கூலிக்காரருக்கு எட்டாத காரியம். இசைத்தட்டும் அதைச் சுழற்றும் பெட்டியும் வசதியான வீடுகளிலும் மைக் செட்காரரிடமும் இருந்தன. மற்றவர்களுக்குக் கல்யாண வீட்டுக் குழாய் ஒலிபெருக்கி, டீக்கடை ரேடியோ, இலங்கை வானொலி. என்ன பாட்டு, எப்போது என்பது வேறு யாரோ முடிவுசெய்வது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் திரும்பியவர்கள் கொண்டுவந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ இன் ஒன் பெட்டிதான் அந்த நிலையை மாற்றத் தொடங்கியது.

திருப்பூரில் அந்த மாற்றம் வேகமாக நடந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. உள்நாட்டு பனியனுக்குப் பேர்போன ஊருக்கு 1970களின் இறுதியில் இத்தாலியிலிருந்து நேரடி ஆர்டர்கள் வந்தன. எண்பதுகளில் ஏற்றுமதி பெருகியது. பெரிய கம்பெனிகளின் தையலை எடுத்துச் செய்யும் பவர் டேபிள் யூனிட்டுகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. மதுரை, தேனி, திண்டுக்கல், நெல்லை, தஞ்சை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இளவட்டங்கள் பஸ் ஏறி வந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். அப்பா கையில் கொடுக்க வேண்டியதில்லை. அப்பா எங்கோ தொலைவில் சொந்த ஊரில் இருந்தார். மெஸ் பாக்கி, ரூம் வாடகை போக மிஞ்சியதில் முதலில் வாங்கியது ஒரு சட்டை என்றால், இரண்டாவது ஒரு கேசட்.

அதிலும் இசைக் கம்பெனி வெளியிட்ட கேசட்டைவிட ஆசை அதிகம் இருந்தது பதிவு செய்த கேசட்டின் மேல். ஒரு தாளில் பன்னிரண்டு, பதினான்கு பாட்டு எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுக்க வேண்டும். வெற்றுக் கேசட்டின் விலையைப் பொறுத்தது மரியாதை: டிடிகே, சோனி என்றால் ஒரு படி மேல், மெல்ட்ராக் என்றால் கைக்கு அடக்கம். சில நாள் கழித்துப் போனால், பாட்டுப் பட்டியலை உள்ளட்டையில் பொடி எழுத்தில் எழுதித் தருவார்கள். சட்டப்படி இது குற்றம். 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, திருட்டுப் பதிவுக்கு மூன்று ஆண்டுவரை சிறை என்றார்கள். கடையில் கூட்டம் குறையவில்லை. ஏனென்றால் அங்கே விற்றது பாட்டு மட்டுமல்ல. எந்தப் பாட்டுக்குப் பின் எது வரவேண்டும் என்று, சொல்லிக்கொடுப்பார் யாருமில்லாமல் ஒரு பையன் தானே முடிவுசெய்தான். எழுதிக்கொடுத்த அந்தத் தாள்தான் அவனுடைய முதல் ஆல்பம்.

ஆனால் அதை அவன் தனியாகக் கேட்கவில்லை. கேட்க அவனிடம் பெட்டி இல்லை. யூனிட்டில் டேப் ரெக்கார்டர் முதலாளியுடையது, கேசட் தொழிலாளியுடையது. ஓவர்லாக், பேட்லாக் மிஷின்களின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி சத்தம் வைக்க வேண்டும். காலையில் கந்த சஷ்டி கவசம். பிறகு முறை வைத்து ஆளுக்கொரு கேசட். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு ஒரு சைடு என்பது அரை மணி நேரம். ஏ சைடு முடிவதற்குள் எத்தனை டஜன் போனது என்று கணக்கு வைத்துக்கொண்டவர்கள் உண்டு. ஷிப்மென்ட் நெருக்கும் இரவுகளில் தூக்கத்தை விரட்டவும் அதுதான்.

அந்த முறையில்தான் விஷயம் நடந்தது. இளையராஜாவின் காதல் பாட்டு மட்டும் போதும் என்றிருந்தவன், நாகூர் ஹனிபாவின் கணீர்க் குரலையும் கேட்டாக வேண்டியிருந்தது. கார்த்திகை பிறந்தால் மாலை போட்டவர்கள் கொண்டுவரும் ஐயப்பன் பாட்டு, ஆடி வந்தால் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. தெற்கத்திக்காரர் ‘கரகாட்டக்காரன்’ கேசட்டைத் தேயத் தேயப் போடுவார். வசனப் பிரியர் ஒருவர் ‘விதி’ படத்தின் கதைவசனக் கேசட்டைப் போட்டால், பிசிறு வெட்டும் பெண்கள்வரை நீதிமன்றக் காட்சி மனப்பாடம். 1986இல் இளையராஜா தியாகராஜருக்கும் பாக்கிற்கும் காணிக்கையாக்கிய ‘ஹவ் டு நேம் இட்’ வெளியானது. ஒரு வரிப் பாட்டும் இல்லாத இசை. அப்படி ஒன்றைக் கடையில் தேடிப்போய் வாங்கத் தயங்குபவரும், பக்கத்தில் ஒருவர் போட்டால் கேட்டுத்தான் ஆகவேண்டும். கை வேலையில் இருக்கிறது, எழுந்துபோய் நிறுத்த முடியாது. முதல் வாரம் முணுமுணுப்பு. இரண்டாம் வாரம் பழக்கம். மூன்றாம் வாரம், ‘அந்த வயலின் கேசட்டைப் போடுங்கண்ணா’.

வாங்கிய கேசட் ஒருவருக்கு ஏற்கெனவே பிடித்ததை உறுதிசெய்தது. அடுத்தவர் கேசட்தான் பிடிப்பதன் எல்லையைத் தள்ளிவைத்தது. முதல் ஆல்பத்தின் செல்வாக்கு என்று நாம் பேசுவதில் பாதி, நாம் வாங்காத ஆல்பங்களின் செல்வாக்கு. இன்றும் ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்ததும் மனசு வேறொரு பாட்டின் முன்னிசையை எதிர்பார்த்து ஏமாறுகிறது என்றால், அது என்றோ யாரோ தாளில் எழுதிக்கொடுத்த வரிசை.

பனியன் கம்பெனியில் கேசட்டுக்கு ஆயுள் குறைவு. பஞ்சுத் தூசி ஹெட்டில் படிந்து குரலை மந்தமாக்கும். துடைப்பதற்குத் துணிக்குப் பஞ்சமில்லை: பனியன் வெட்டுத் துண்டில் ஸ்பிரிட் தொட்டு ஒரு இழுப்பு. நாடா சிக்கினால் பென்சில். பெல்ட் தளர்ந்தால் எஸ்.பி.பி. குரலே இழுவையாகும். தொண்ணூறுகளின் இறுதியில் சிடி வந்தது. பிறகு நூற்றுக்கு மேல் பாட்டு அடங்கிய எம்பி3 தட்டு, தனியார் எஃப்.எம்., கடைசியில் செல்போன். அதோடு ரெக்கார்டிங் கடைகள் செல்போன் ரீசார்ஜ் கடைகளாயின.

இப்போது மிஷினில் உட்காருபவர்களில் பலர் பீகார், ஒடிசா, ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள். உலகத்துப் பாட்டெல்லாம் கையில் இருக்கிறது; காதில் ஹெட்போன், அவரவர் பாட்டு அவரவருக்கு. ஆனால் ஹாலுக்கு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்திருக்கும் யூனிட்டுகளும் இருக்கின்றன. அங்கே ஒரு போஜ்புரி பாட்டு, அடுத்து அனிருத், அடுத்து ஒரு ஒடியா பஜனை. சண்டை வரும், முறை வைத்துத் தீர்ப்பார்கள். அர்த்தம் தெரியாமலே போஜ்புரி மெட்டை முனகும் தமிழ் ஹெல்பருக்கும், தமிழ்ப் பாட்டின் பல்லவியைத் தப்பாமல் பாடும் பீகார் டெய்லருக்கும் அந்த ஸ்பீக்கர்தான் முதல் கேசட். புதிதாக யூனிட் தொடங்குபவர்கள் எத்தனை மிஷின் போடலாம் என்று கணக்குப் போடும்போது, ஒரு ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரு பிளக் பாயின்ட் வைத்துவிடுவது நல்லது.