பெருங்களத்தூரின் இரண்டு எஞ்சின்கள்

1954 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் இந்தியாவை விட்டுக் கிளம்பின. உதிரிகளை இறக்குமதி செய்து பூட்டி விற்றது போதும், இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று அரசு கறாராகச் சொன்னதுதான் காரணம். பிறகு பல ஆண்டுகளுக்கு கார் என்றால் மூன்றே கம்பெனி: கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார்ஸின் தொழிற்சாலை தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூரில் இருந்தது.

1961-இல் அங்கே ஹெரால்டு கார் வந்தது. இத்தாலிக்காரர் மிக்கேலோட்டி வரைந்த வடிவம், 948 சிசி எஞ்சின். மெக்கானிக்குகளுக்கு அது செல்லப் பிள்ளை. பானெட் மட்டுமில்லை, மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே டேப்பட் அட்ஜஸ்ட் செய்யலாம். வண்டி நின்றுபோனால் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான்: பாயின்ட்டை எமரித் தாளால் தேய்ப்பது, பிளக்கைக் கழற்றித் துடைப்பது, கார்பரேட்டர் ஜெட்டை வாயால் ஊதுவது. நம் ஊர்ச் சாலைகளுக்கு அது போதுமாக இருந்தது. 1972-இல் வந்த கெஸல் காரிலும் அதே எஞ்சின்தான்.

1985-இல் கதை மாறியது. மாருதி 800 ஏற்கெனவே சாலைக்கு வந்துவிட்டது. ஸ்டாண்டர்டு பெரிய இடத்தில் கை வைத்தது: 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது பெற்ற ரோவர் எஸ்டி1-இன் உடம்பு. பெயர் ஸ்டாண்டர்டு 2000. பிரிட்டனில் அதே காருக்கு 3.5 லிட்டர் வி8 எஞ்சின் உண்டு; விட்டெஸ் ரகத்தில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் வேலையை எலெக்ட்ரானிக்ஸே பார்த்துக்கொண்டது. பெருங்களத்தூரிலோ பானெட்டைத் திறந்தால் ஸ்டாண்டர்டின் பழைய வேன்கார்டு காரின் 1991 சிசி எஞ்சின். 1940-களின் இறுதியில் பிறந்த பரம்பரை அது. அதன் உறவுக்கார எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதது.

அந்த எஞ்சினைக் குறை சொல்லக் கூடாது. அதில் சிலிண்டர் லைனர்கள் தனித்தனியாக இறங்கி உட்காரும். கூலிங் தண்ணீர் நேரே லைனரைச் சுற்றி ஓடும். லைனர் தேய்ந்தால் பிளாக்கை லேத்துக்கு அனுப்பி போரிங் போட வேண்டியதில்லை. ஹெட்டையும் பிஸ்டனையும் கழற்றி, பழைய லைனரை உருவி, கேஸ்கெட் வைத்துப் புதியதை இறக்கினால் முடிந்தது. பட்டறைக்காரருக்கு இதைவிடச் சுலபமான வேலை வேறென்ன?

ஆனால் ரோவரை வாங்க வந்தவர் பட்டறைக்காரர் இல்லையே. ஹெரால்டில் உடம்பும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருந்தன. ஸ்டாண்டர்டு 2000-இலோ எளிமையை யாரும் தேர்ந்தெடுத்ததாகத் தெரியவில்லை, கையில் இருந்ததை வைத்து ஒப்பேற்றியதாகத்தான் படுகிறது. விலையோ மாருதியைப் போல் பல மடங்கு. வலு, வி8 தந்ததில் ஏறக்குறைய பாதி. பெட்ரோலை மட்டும் தாராளமாகக் குடித்தது. 1980-கள் முடிவதற்குள் உற்பத்தி நின்றது. பின்னாளில் தொழிற்சாலை இருந்த நிலம் ஐ.டி. வளாகமாகவும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் மாறியது.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிரிட்டனில் அதன் மூல வடிவமான ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு உதிரி விற்கும் கடைகள் உள்ளதால் எஞ்சின் சாமான்களுக்குப் பெரிய கவலையில்லை. கதவுதான் தொல்லை. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே தயாரானது. அதன் பின் கதவு துருப்பிடித்தால் லண்டனில் தேடிப் பயனில்லை, நல்ல டிங்கர் ஒருவரைத்தான் பிடிக்க வேண்டும்.