பொய்ப் பறப்பும் மெய்ப் பறப்பும்

தரையிற் கிடந்து கைகால்களை அசைப்பவனை நீச்சல் வல்லவன் என்று எவரும் ஒப்புக்கொள்ளார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதும் நம் முன்னோர் வாக்கே. ஆயினும், நிலத்தை விட்டு ஓர் அடியும் எழாத பெட்டியொன்றினுள் அமர்ந்து ஆகாயத்திற் பறக்கக் கற்றுக்கொண்டோர் தொகை இலட்சக்கணக்கினது. இன்றோ, வீட்டு மேசையின்மீது கணினியையும் செலுத்துகோலையும் வைத்துக்கொண்டு, போர் விமானம் செலுத்தும் விளையாட்டில் ஈடுபட்டோர் உலகெங்கும் பரந்துள்ளனர். பொய்யான பறப்பு மெய்யான பறப்புக்கு எவ்வளவு தூரம் ஒப்பாகும்? ஒப்பாகவேண்டியதுதான் எது? இவ்வினாக்களுக்கு விடை தேடிய வரலாறு நூறாண்டுக்கும் மேற்பட்டது.

விமானம் தோன்றிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே இம்முயற்சியும் தோன்றிவிட்டது. பிரான்சு நாட்டில் அன்ரோனெற் என்னும் விமானத்தைச் செலுத்தக் கற்போருக்காக, ஏறத்தாழ 1910 ஆம் ஆண்டளவில் ஒரு விந்தையான கருவி அமைக்கப்பட்டது. பீப்பாயொன்றின் பாதியை எடுத்து, அது இப்புறமும் அப்புறமும் சாயுமாறு நிறுத்தினர். மாணவன் அதில் அமர்வான். உதவியாளர் அதனைப் பிடித்து ஆட்டுவர். அவன் தன் கையிலுள்ள சக்கரங்களைத் திருப்பிச் சமநிலை காண முயல்வான். பின்னர் வந்தவை அனைத்துக்கும் இந்தப் பீப்பாயே மூதாதை எனலாம்.

இக்கலையை உண்மையான பயிற்சியாக உயர்த்தியவர் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர். 1904 இற் பிறந்த இவருடைய தந்தையார், நியூ யோர்க் மாநிலத்துப் பிங்காம்ரன் நகரில் பியானோவும் ஓர்கனும் செய்யும் தொழிற்சாலையை நடத்தினார். மகனுக்கோ பறப்பதில் அடங்கா ஆசை. அக்காலத்தில் பறப்புப் பாடத்துக்கு ஆகும் செலவு சாதாரண மனிதனுக்கு எட்டாதது. எனவே, பாடத்தின் ஒரு பகுதியையாவது தரையிலேயே கற்றுவிட வழியுண்டா என்று அவர் எண்ணினார். ஓர்கன் வாத்தியத்துக்கு மூச்சுக் கொடுப்பது துருத்தி. காற்றை ஏற்றியும் இறக்கியும் துருத்தியை விரிக்கவும் சுருக்கவும் கூடுமாயின், அதன்மேல் வைத்த பெட்டியை விமானம்போற் சாய்க்கவும் நிமிர்த்தவும் கூடும் அன்றோ? தந்தையின் தொழிற்சாலையிலே கிடைத்த துருத்திகளையும் குழாய்களையும் கொண்டே 1929 இல் அவர் தமது பயிற்சிப் பொறியை அமைத்து முடித்தார். குட்டைச் சிறகும் சிறு வாலும் கொண்ட அப்பெட்டியைப் பறப்புப் பள்ளிகள் பெரிதாக மதிக்கவில்லை. கேளிக்கைப் பூங்காக்களே அவற்றை விரும்பி வாங்கின. பிள்ளைகளும் பெரியோரும் காசு கொடுத்து ஏறி ஆடி மகிழ்ந்தனர். விளையாட்டுப் பொருளாகவே பிறந்தது, பிற்காலத்தில் பல உயிர்களைக் காக்கப்போகும் அந்தப் பொறி.

1934 பெப்ருவரியில் நிலைமை மாறியது. அமெரிக்க அரசாங்கம் தனியார் விமானக் கம்பனிகளுடன் செய்த தபால் ஒப்பந்தங்களை நீக்கி, அப்பணியை இராணுவ விமானப் படையிடம் ஒப்படைத்தது. மாரிக்காலம்; மூடுபனி; இரவுப் பயணம். நிலத்தைக் கண்ணாற் கண்டு பறக்கப் பழகிய இளம் விமானிகள், கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கவேண்டிய நிலைக்கு உள்ளாயினர். சில மாதங்களுக்குள் பன்னிருவருக்குக் குறையாதோர் விபத்துக்களில் மாண்டனர். அவ்வேளையில் லிங்க், தமது பொறியைப் பற்றி இராணுவ அதிகாரிகளிடம் பேசுவதற்காக நியூவாக் விமான நிலையத்துக்கு வரவேண்டியிருந்தது. அன்று பனி மூடியிருந்ததால் அவர் வரமாட்டார் என்றே அதிகாரிகள் எண்ணினர். அவரோ கருவிகளைப் பார்த்தே பறந்து வந்து பத்திரமாக இறங்கினார். வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. இராணுவம் ஆறு பொறிகளை வாங்கிற்று.

மேகத்தினுள் விமானி மாண்டதேன்? அவனுடைய உடலே அவனுக்குப் பொய் சொல்லியமையால் என்க. மனிதனுடைய உட்செவியில் உள்ள நீர்மம் அசைவின் தொடக்கத்தையே உணர்த்தும். ஒரே சீராக நெடுநேரம் வளைந்து திரும்பினால், அத்திருப்பத்தை அது உணராது. கண்ணுக்கு அடிவானம் தெரியாதபோது, சாய்ந்து சுழன்றிறங்கும் விமானத்தில் இருப்பவன் தான் நேராகவே செல்வதாக நம்புவான். கருவி சாய்வைக் காட்டினால், கருவி பழுதென்று கருதுவான். தன் உடலின் உணர்வைத் தள்ளிக் கருவியின் முள்ளை நம்பப் பழகுவதே அவனுக்குத் தேவையான கல்வி. லிங்க் பொறியின் மூடியைச் சாத்திவிட்டால் உள்ளே வானமும் இல்லை, நிலமும் இல்லை. கருவிகளும் மங்கிய ஒளியுமே உண்டு. வெளியே மேசையருகில் அமர்ந்த ஆசிரியர் வானொலி வழியே கட்டளையிடுவார். ‘நண்டு’ எனச் செல்லமாக அழைக்கப்பட்ட மூன்று சக்கரச் சிறு கருவியொன்று, மாணவன் பறந்ததாகக் கொள்ளும் பாதையை வரைபடத்தின்மீது மையாற் கீறிச் செல்லும். அவன் வழி தவறினால் தாளிலே கோடு தவறும், உயிர் தவறாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இப்பொறிகள் 10,000 இற்கும் மேலாகச் செய்யப்பட்டன. ஏறத்தாழ 5 இலட்சம் விமானிகள் அவற்றிற் பயின்றனர். அவற்றின் நிறம் பற்றி ‘நீலப் பெட்டி’ என்றே அவை பெயர் பெற்றன. அவ்வளவு பயிற்சி இருந்தும், அப்போர்க் காலத்தில் அமெரிக்க மண்ணிலேயே நிகழ்ந்த இராணுவ விமான விபத்துக்களில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தனர். பகைவனைக் காணுமுன்னரே மாண்ட இத்தொகையை நினைத்தால், ஒரு பெட்டி காத்த உயிர்களின் மதிப்பு விளங்கும்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. நீலப் பெட்டி விமானத்தைப் போலத் தோன்றவில்லை. விமானத்தைப் போலப் பாயவுமில்லை. ஆயினும் கற்பிக்கவேண்டிய ஒன்றைச் சரியாகக் கற்பித்தது. தோற்றத்தின் ஒப்புமை வேறு, செயலின் ஒப்புமை வேறு என்னும் இவ்வுண்மையைப் பின்வந்தோர் பலமுறை மறந்தனர். பலமுறை மீண்டும் கண்டறிந்தனர்.

காற்றினால் இயங்கிய பொறியின் இடத்தை மின்கணிப்பு எவ்வாறு பெற்றது என்பதும் சுவையானதே. 1944 இல் அமெரிக்கக் கடற்படை, எவ்வகை விமானத்தின் இயல்பையும் காட்டவல்ல ஒரு பொறியைச் செய்து தருமாறு மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தை வேண்டியது. ஜே பொறெஸ்ரர் என்னும் பொறியியலாளர் அதற்குத் தலைமை தாங்கினார். விமானத்தின் அசைவுகளை உடனுக்குடன் கணிக்க வேண்டுமாயின், எண்களைக் கொண்டு மிக விரைவாக இயங்கும் கணினி வேண்டும் என்று அவர் கண்டார். விளைவாக எழுந்ததே ‘சுழற்காற்று’ என்னும் பொருள்படும் பெயர் கொண்ட வேர்ல்விண்ட் கணினி. 1951 இல் அது முழுதாக இயங்கத் தொடங்கியபோது, பயிற்சிப் பொறி என்னும் முதல் நோக்கம் கைவிடப்பட்டிருந்தது. பொய்ப் பறப்பைத் தேடிச் சென்றவர்கள், நிகழ்வுகளுக்கு அக்கணமே விடைதரும் கணினியைக் கண்டெடுத்தனர்.

அக்கணினியின் வழித்தோன்றல்கள் சிறுத்து மலிந்து வீடுகளுக்குள் நுழைந்தபோது, பறப்பும் அவற்றோடு நுழைந்தது. புறூஸ் ஆட்விக் என்பவர் மின்பொறியியல் மாணவர். விமானம் செலுத்தவும் அறிந்தவர். இல்லினோய் பல்கலைக்கழகத்துக்கு 1975 இல் அவர் அளித்த ஆய்வுரை, கணினித் திரையிற் பறப்புக் காட்சியை வரைவது பற்றியது. அதன் பயனாக, அப்பிள் கணினிக்கான அவருடைய பறப்பு விளையாட்டு 1979-80 இல் வெளிவந்தது. நிலம் சில கோடுகள். மலையும் சில கோடுகள். அவ்வளவு எளிய காட்சியிலேயே முதலாம் உலகப் போரின் விமானச் சண்டையும் இடம்பெற்றிருந்தமை நோக்கத்தக்கது. 1981 ஓகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினி வெளியாயிற்று. அடுத்த மாதமே எட்வின் லிங்க் காலமானார். மறு ஆண்டில் ஆட்விக்கின் பறப்பு, மைக்குறோசொவ்ற் நிறுவனத்தின் பெயரால் அக்கணினிக்கும் வந்தது. ஒரு கணினி ஐ.பி.எம். கணினிக்கு முற்றும் ஒத்ததா என்று அறிய, இந்தப் பறப்பு அதில் ஓடுகின்றதா என்று பார்ப்பதே வழக்கமாயிற்று.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று, போர்ப் பறப்பு விளையாட்டின் முழு வினாவையும் தன்னுள் அடக்கியது. பில் ஸ்ரீலி அமெரிக்க விமானப் படையிற் பறந்தவர், சிட் மெயர் கணினி நெறிகளை எழுதுபவர், விமானி அல்லர். இருவரும் லாஸ் வேகாஸ் நகரில் காசு போட்டு ஆடும் விமானச் சண்டைப் பொறியொன்றின் முன் அமர்ந்தனர். விமானப் படையிற் பறந்தவரே வெல்வார் என்பதுதான் எதிர்பார்ப்பு. வென்றவரோ மெயர்! பகை விமானங்கள் எந்த ஒழுங்கில் வரும் என்பதைப் பார்த்து மனத்திற் பதித்துக்கொண்டமையே காரணம். ஸ்ரீலிக்கு வானம் தெரியும். மெயருக்குப் பொறி தெரியும். அந்தப் பொறியில் வானம் இல்லாதபடியால் பொறியை அறிந்தவரே வென்றார். 1982 இல் இருவரும் சேர்ந்து மைக்குறோபுறோஸ் என்னும் நிறுவனத்தை அமைத்து, போர்விமான விளையாட்டுக்கள் பலவற்றை வெளியிட்டனர்.

மெய்மையை நாடியோர் அடுத்துக் கண்ட தடை கருவித் தடையே. விசைப்பலகையின் பொத்தானை அழுத்தினால் உண்டு அல்லது இல்லை என்னும் இரண்டே நிலைகள். விமானத்தின் செலுத்துகோலோ மெல்லச் சாய்த்தால் மெல்லத் திரும்பும். வன்மையாக இழுத்தால் வன்மையாக எழும். ஆகவே வீட்டுக்கும் செலுத்துகோல் வேண்டியதாயிற்று. முதலில் வந்தவற்றில் மாறுந்தடைகள் இருந்தன. உராய்வினால் அவை தேய்ந்து, கை அசையாதபோதும் திரையில் விமானம் நடுங்கும். பிற்காலத்து நல்ல கோல்களில், 1879 இல் எட்வின் ஹோல் கண்டறிந்த காந்த விளைவினைக் கொண்ட உணரிகள் பொருத்தப்பட்டன. ஒன்றோடொன்று தொடாத உறுப்புக்கள் ஆதலால் தேய்வு இல்லை. இடக்கைக்கு வேகநெம்பு, கால்களுக்குச் சுக்கான் மிதிகள், தலை திரும்பும் திசையை அறிந்து காட்சியைத் திருப்பும் கருவி, 2016 முதல் கடைகளிற் கிடைத்த முகத்திரைகள் என ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன.

எஃப்-16 என்னும் போர்விமானத்தின் கதை இங்கு நல்ல பாடம். அதன் செலுத்துகோல் விமானியின் வலப்பக்கத்தில் உள்ளது. கையின் அழுத்தத்தை மட்டும் அளந்து அறியும்படி, தொடக்கத்தில் அது சிறிதும் அசையாதவாறே அமைக்கப்பட்டது. விமானிகளுக்கு அது ஒவ்வவில்லை. தாம் எவ்வளவு அழுத்தினோம் என்பதைக் கை உணரவேண்டும் என்று அவர்கள் கூறவே, மிகச் சிறிய அசைவு பின்னர் கொடுக்கப்பட்டது. மெய்யான விமானத்திலும் கைக்கு ஓர் உணர்வைப் பாவனையாகச் செய்துகொடுக்க வேண்டியிருந்தது என்றால், மெய்க்கும் பொய்க்கும் இடையிலான எல்லை எங்கே?

அந்த விமானத்தையே பொருளாகக் கொண்டு எழுந்தது ‘வல்லூறு’ எனப் பொருள்படும் பல்கன் என்னும் விளையாட்டு வரிசை. 1991 இல் வெளிவந்த அதன் மூன்றாவது பதிப்பில், உயர்தர மெய்மையுடன் பறக்க விரும்பியோர் கணிதத்துக்கென்றே தனிச் சில்லு ஒன்றைக் கணினியிற் பொருத்த வேண்டியிருந்தது. 1998 இல் வந்த நான்காவது பதிப்புடன் ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட கைந்நூல் வழங்கப்பட்டது. ராடரை இயக்கவும் இயந்திரத்தைத் தொடக்கவும் வேண்டிய படிமுறைகளை மனனஞ் செய்யாமல் அதில் ஈடுபடல் அரிது. வெளியிட்டோர் அதனைக் கைவிட்ட பின்னரும், ஆர்வலர் பல்லாண்டு உழைத்து அதனைத் திருத்திப் புதுக்கினர். மொஸ்கோவில் தோன்றிய வேறொரு குழுவினர், அமெரிக்க விமானத் தேசியக் காவற்படையின் பயிற்சிக்காக ஏ-10சி விமானத்தை மேசைக் கணினியில் அமைத்தனர். அதிலிருந்தே பொதுமக்களுக்கான விளையாட்டும் பிறந்தது. லிங்க்கின் பெட்டி பூங்காவிலிருந்து படைமுகாமுக்குச் சென்றது. இதுவோ படைமுகாமிலிருந்து வீட்டுக்கு வந்தது.

இத்தனையும் கூடிய பின்னர் எஞ்சி நிற்பது யாது? உடலும் உயிருமே. எஃப்-16 தன் எல்லைவரை திரும்பும்போது விமானியின் உடல் ஒன்பது மடங்கு கனக்கும்; 70 கிலோ மனிதன் 630 கிலோவாக அழுந்துவான். தலையினின்றும் குருதி கீழிறங்க, கண் இருளும். நாற்காலியில் அமர்ந்தவனுக்குத் திரை இருண்டு காட்டலாம், மூச்சு முட்டுவதில்லை. சுடப்பட்டு வீழ்ந்தாலோ, ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் புறப்படலாம். அச்சம் இல்லாத இடத்தில் துணிவும் எளிதாகிவிடுகின்றது.

இதன் விளைவை 2020 ஓகஸ்டில் நடந்த ஒரு போட்டி தெளிவாக்கியது. அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமாகிய டார்ப்பா நடத்திய அப்போட்டியில், முகத்திரை அணிந்த எஃப்-16 விமானியொருவரைக் கணினி அறிவு ஐந்து முறை எதிர்த்தது; ஐந்து முறையும் வென்றது. ஒருவரையொருவர் நேருக்கு நேர் பாய்ந்து சுடும் முறையை அது தயங்காது கையாண்டது. மோதிவிடக்கூடும் என்னும் அச்சத்தால், மெய்ப் பயிற்சியில் விமானிகளுக்கு விலக்கப்பட்ட முறை அது. பகைவன் நிற்கும் இடமும் அதற்கு ஐயமின்றித் தெரிந்திருந்தது. மெயர் ஸ்ரீலியை வென்ற கதையே மீண்டும் நிகழ்ந்தது எனலாம். வித்தியாசம் என்னவெனில், 2023 இல் இத்தகைய அறிவு மெய்யான விமானத்தில் ஏற்றப்பட்டு, பாதுகாப்பு விமானிகள் உடனிருக்க, மெய்யான எஃப்-16 ஒன்றுடன் வானிலேயே பொருதிப் பார்க்கப்பட்டது. வானுக்கென விதிக்கப்பட்ட பாதுகாப்பு எல்லைகளை அங்கே அது மதித்தாக வேண்டியிருந்தது.

ஆகவே, ஒரு பொய்ப் பறப்பின் தரத்தை அதன் மேகங்களின் அழகைக் கொண்டோ, செலுத்துகோலின் விலையைக் கொண்டோ அளப்பது தகாது. அதிற் பழகியவன் எதனைக் கற்றான், எதனைக் கற்கவில்லை என்பதைத் தான் அறிந்திருக்கின்றானா என்பதே அளவுகோல். 1934 இன் மாரியில் மாண்ட விமானிகளுக்குத் துணிவு குறைவில்லை. மூடி சாத்திய பெட்டியிற் சில மணி நேரம் இருந்து, தம் உடலை நம்பாதிருக்கக் கற்கும் வாய்ப்பே குறைவாயிருந்தது. இன்று திரையின் முன் அமர்ந்து நூறு விமானங்களை வீழ்த்தியவனுக்கு அவ்வாய்ப்பு நிறைய உண்டு. அவன் கல்லாதது, வீழ்த்தப்பட்ட விமானத்தினுள்ளும் ஒருவன் இருந்தான் என்பதே. அதனைக் கற்பிக்கும் கருவியை இதுவரை எந்தத் தொழிற்சாலையும் செய்ததில்லை.