சூசைராஜ், மைக்கேல்

சூசைராஜ், மைக்கேல் (பிறப்பு: 30 அக்டோபர் 1994), கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த இந்தியக் கால்பந்து வீரர். இடது விங், நடுக்களம், இடது பின்களம் ஆகிய மூன்று இடங்களிலும் ஆடக்கூடிய இடதுகால் ஆட்டக்காரர்.

தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்கள் ஆழ்கடல் சுறா மீன்பிடிப்புக்கும் கால்பந்துக்கும் பெயர்பெற்றவை. மணலில் பந்து உருட்டிப் பழகிய பலர் தமிழ்நாட்டு அணிக்குச் சென்றுள்ளனர். அவ்வழியில் வந்த சூசைராஜ், ஐ-லீக்கில் சென்னை சிட்டி அணிக்கு ஆடிக் கவனம் பெற்றார். 2018இல் இந்தியன் சூப்பர் லீக்கின் ஜாம்ஷெட்பூர் அணியிலும், 2019இல் கொல்கத்தாவின் ஏடிகே அணியிலும் சேர்ந்தார். 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

ஏடிகே பயிற்சியாளர் அந்தோனியோ ஹபாஸ், மூன்று பின்கள வீரர்களைக் கொண்ட தம் ஆட்டமுறையில் இவரை இடது விங்-பேக்காக நிறுத்தினார். எதிரணியின் எல்லைவரை ஓடித் தாக்குவதும், பந்து பறிபோன நொடியே திரும்பி வந்து தடுப்பதும் அவ்விடத்தின் வேலை. தாக்குதல் வீரராக வளர்ந்தவர் இதற்கு ஈடுகொடுத்ததே இவருடைய பன்முகத் திறனுக்குத் தக்க சான்று. அப்பருவத்தில் (2019–20) ஏடிகே, கோவாவில் பார்வையாளரின்றி நடந்த இறுதிப் போட்டியில் சென்னையின் எஃப்சியை 3–1 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது.

2020 நவம்பர் 20 அன்று, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான பருவத்தின் முதல் ஆட்டத்தில், தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் முழங்காலில் காயமடைந்து, அப்பருவம் முழுவதையும் இழந்தார். 2022இல் ஒடிசா அணிக்கு மாறினார். இவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் தொழில்முறைக் கால்பந்து வீரர்.