யாப்பு

'யாப்பு' என்னும் சொல் 'யாத்தல்', அதாவது கட்டுதல், என்ற வினையடியாகப் பிறந்தது. எலும்பும் நரம்பும் தோலும் கட்டுண்டு அமைந்த உடம்பை 'யாக்கை' என்றதும், எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் உறுப்புகளால் செய்யுளைக் கட்டும் முறையை 'யாப்பு' என்றதும் இவ்வேரினின்றே.

நாம் அரசியல் சட்டம் என்பதை இலங்கைத் தமிழர் 'அரசியல் யாப்பு' என்றும் வழங்குவர். 1948-இல் அந்நாட்டில் பிரஜாவுரிமை இழந்து, 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பி, கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்து வாழ்ந்த மக்களின் சரித்திரத்தோடு இச்சொல்லுக்கு நெருங்கிய சம்பந்தம் உண்டு. அவர்களது உரிமைப் பறிப்பைக் கண்டித்தெழுந்தோர் 1949-இல் தோற்றுவித்த தமிழரசுக் கட்சியே, தமிழுக்குச் சம அந்தஸ்து மறுக்கப்பட்டமையால் 1971-இல், புதிய யாப்பை வகுத்துவந்த அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியது.

அதுவரை நடைமுறையிலிருந்த சோல்பரி யாப்பின் 29-ஆம் பிரிவு சிறுபான்மையோருக்கு அளித்திருந்த பாதுகாப்பு இன்றியே 1972 மே 22 அன்று குடியரசு யாப்பு நிறைவேற, தமிழரசுக் கட்சியின் நிறுவனர் தந்தை செல்வநாயகம் அவ்வாண்டே காங்கேசன்துறைப் பிரதிநிதித்துவத்தை ராஜினாமா செய்து, அந்த யாப்புக்குத் தமிழ் ஜனங்களின் சம்மதம் உண்டா என்பதை இடைத்தேர்தலில் அறியுமாறு அறைகூவினார். நெடுந்தாமதத்துக்குப்பின் 1975 பெப்ரவரியில் நடந்த அத்தேர்தலில் பெருவெற்றியும் பெற்றார்.

ஓரிடத்தில் தளை தட்டினும் வெண்பா வெண்பாவாகாது. அவ்வாறே ஒரு சமூகத்தின் சம்மதமின்றி இயற்றப்படும் யாப்பு, இணைக்கும் கட்டு என்னும் தன் இயற்பொருளை இழந்து, 'தளை' என்பதன் மற்றொரு பொருளாகிய விலங்காகவே அச்சமூகத்துக்கு அமையும்.