பொட்டாசியம் முழுதும் புகையன்று: நகரக் காற்றின் துகளாய்வில் 0.6 என்னும் விகிதம்

பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆசிய-பசிபிக் கூட்டுத் திட்டத்தின் வழி இந்தியா, இலங்கை உள்ளிட்ட பல நாடுகள் நகரக் காற்றின் நுண்துகள்களை அணுக்கருப் பகுப்பாய்வு முறைகளால் ஆராய்ந்து வந்துள்ளன. துகளில் அளந்த பொட்டாசியத்திலிருந்து இரும்பின் அளவில் 0.6 பங்கைக் கழித்து, எஞ்சுவதை விறகும் சருகும் எரிந்த புகைக்கு அடையாளமாகக் கொள்ளும் வாசிப்பு இத்துறையில் நிலைபெற்றுள்ளது. மண்ணை அறியாமல் இவ்வாசிப்பை நாடுகளை ஒப்பிடும் பொது அளவுகோலாக்குவது தகாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

0.6 என்பது புவி மேலோட்டின் சராசரிக் கலவையை ஒட்டிய எண். எந்த ஊர் மண்ணுக்கும் உரிய எண் அன்று. மும்பையைச் சூழ்ந்த தக்காணப் பசால்ட் எரிமலைப் பாறையில் இரும்பு மிகுதி, பொட்டாசியம் சொற்பம். பொட்டாசியம் செறிந்த ஃபெல்ஸ்பார் கனிமமுள்ள கிரானைட், நைஸ் பாறைகளிலோ பொட்டாசியம்-இரும்பு விகிதம் ஒன்றைத் தாண்டவும் கூடும். எடுத்துக்காட்டாக, ஒரு கன மீட்டர் காற்றில் மண்வழி இரும்பு 0.5 மைக்ரோகிராம் எனக் கொண்டால், விகிதம் 1.2 ஆன மண்ணிலிருந்து 0.6 மைக்ரோகிராம் பொட்டாசியம் வரும். வாய்பாடு அதில் 0.3 மட்டுமே கழிப்பதால், அடுப்பே எரியாத ஊரிலும் 0.3 மைக்ரோகிராம் புகைப் பொட்டாசியம் இருப்பதாகக் கணக்குக் காட்டும். விகிதம் 0.05 ஆன பசால்ட் மண்ணிலோ மெய்யான புகையின் பெரும்பங்கு கழித்தலில் மறைந்துபோகும்.

சங்கரன்கோவில் வட்டாரம் இச்சிக்கலைத் தெளிவாக்கும் களம். செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்துக் கிடக்கும் இங்கு, ஆடிக்காற்று கிளப்பும் புழுதி எந்த நிலத்தது என்பதைப் பொறுத்தே கழிக்கவேண்டிய அளவு மாறும். தென் தமிழகக் கரிசலில் பெரும்பகுதி நைஸ் பாறையிலிருந்து உருவானதாகக் கருதப்படுவதால், நிறத்தை மட்டும் நம்பி அதற்குத் தக்காண விகிதத்தைப் பொருத்துவதும் பிழையாகும். இதனுடன் தீபாவளிக் காலத்தில் பட்டாசின் வெடியுப்பு, பெர்குளோரேட் ஆகியவற்றின் பொட்டாசியமும் சேரும். பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆகியவை உடன் உயர்கின்றனவா என்று பாராமல் அதை விறகுப் புகையில் சேர்ப்பது முறையன்று.

குறை கருவியில் இல்லை. புரோட்டான் கற்றையால் துகளைத் தாக்கி, எழும் எக்ஸ் கதிர்களை அளக்கும் முறை, பொட்டாசியத்தையும் இரும்பையும் ஒருசேரக் காட்டுகிறது. நியூட்ரான்களால் துகளைக் கதிரியக்கமாக்கும் நியூட்ரான் செயலூட்டத்தில் 12 மணி நேர அரை ஆயுள் கொண்ட பொட்டாசியம்-42ஐ விரைவிலும், ஏறத்தாழ 44 நாள் அரை ஆயுள் கொண்ட இரும்பு-59ஐப் பின்னரும் எண்ணலாம். ஆயினும் இரு முறைகளும் தருவது தனிமத்தின் மொத்த அளவே. நீரில் கரையும் புகை உப்பையும் கரையாத ஃபெல்ஸ்பாரையும் அவை பிரித்தறியா.

தனிம அளவுகளை மூலவாரியாகப் பிரிக்கும் புள்ளியியல் காரணிப் பகுப்பு இச்சிக்கலைத் தீர்த்துவிடும் எனலாம். ஆனால் பிரித்த காரணிக்குப் ‘புகை’ என்று பெயரிடும்போது பழைய விகிதமே சான்றாகத் திரும்புவதால், அவ்வாதம் நிற்காது. நகரங்களில் வாகனத் தடைக்கட்டைகள் தேய்ந்து வரும் இரும்பு, கழித்தல் கணக்கை மேலும் பிழையாக்குகிறது.

எனவே ஒவ்வொரு நகரின் மண்ணையும் நுண்துகளாகச் சலித்து அதே கருவியில் அளப்பதும், துகள் படிந்த வடிதாளின் ஒரு பாதியை நீரில் கழுவிக் கரையும் பொட்டாசியத்தைத் தனியே காண்பதும் ஒப்பீட்டுக்கு முன்நிபந்தனைகளாதல் வேண்டும். கல்பாக்கத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிய காமினி அணு உலை நியூட்ரான் செயலூட்ட ஆய்வுக்குப் பயன்படுவதால், தமிழக மண்வகைகளுக்கான விகிதங்களை இங்கேயே வரையறுக்க இயலும். அதுவரை, அடுப்பெரிக்கும் ஏழை வீடுகளின் மீது புகைப்பழி சுமத்தும் எந்தப் பன்னாட்டு வரிசைப் பட்டியலும் ஐயத்துக்குரியதே.