இரும்பின் பிறந்த வீடு

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில் இருக்கிறது புதுச்சத்திரம். அங்கே எந்த வீட்டு அடுப்படியிலும் இரும்பு உண்டு: தோசைக்கல், அரிவாள்மணை, தாளிப்புக் கரண்டி. சேலத்துக் கஞ்சமலையோ இரும்புத் தாதுவுக்குப் பேர்போனது. அந்த மலைக்கு இரும்பு எங்கிருந்து வந்தது? பூமி பிறப்பதற்கு முன்பே விண்மீன்களில் உருவாகி, அவை வெடித்தபோது சிதறி வந்தது. இதைக் கண்டறிந்த பெண்கள் வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்.

சிசிலியா பெய்ன் 1923இல் கேம்பிரிட்ஜில் படித்து முடித்தார். பட்டம் கிடைக்கவில்லை, அங்கே 1948 வரை பெண்களுக்குப் பட்டம் தரும் வழக்கமில்லை. அமெரிக்கா சென்று ஹார்வர்டு வானாய்வகத்தில் ஆய்வு செய்தார். மேகநாத் சாகா 1920இல் தந்த சமன்பாட்டைக் கொண்டு விண்மீன்களின் நிறமாலையைப் படித்தார். விண்மீன்களில் பெரும்பங்கு ஹைட்ரஜனே என்பது 1925இல் அவர் கண்ட முடிவு. மூத்த வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸல் அதை ஏற்கவில்லை. தன் கணக்கு உண்மையாக இருக்காது என்று தன் ஆய்வேட்டிலேயே பெய்ன் எழுத வேண்டியதாயிற்று. 1929இல் ரஸலும் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார்.

மார்கரெட் பர்பிட்ஜுக்கும் இதே கதைதான். 1955இல் மவுண்ட் வில்சன் தொலைநோக்கியில் பெண்களுக்கு இடமில்லை. கணவர் ஜெஃப்ரியின் பெயரில் அனுமதி வாங்கி, அவருடைய உதவியாளர் என்று சொல்லித்தான் மலையேறினார். தனிமங்கள் விண்மீன்களுக்குள் உருவாகும் விதத்தை விளக்கும் புகழ்பெற்ற கட்டுரை 1957இல் வந்தது. எழுதிய நால்வரில் முதல் பெயர் மார்கரெட்டுடையது. 1983இல் நம் சந்திரசேகரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், அந்த நால்வரில் ஒருவரான வில்லியம் ஃபௌலர்.

தலைமுறை தலைமுறையாக விண்மீன்கள் இரும்பைச் சேர்த்துக்கொண்டே வந்தன என்றால், மிகப் பழைய விண்மீன்களில் அது மிகக் குறைவாக இருக்க வேண்டும். அதற்கான சான்று, நம் பால்வீதியைச் சுற்றும் மங்கலான குறு விண்மீன் மண்டலங்களில் கிடைத்தது. செகு 1 அவற்றில் ஒன்று. சுமார் 75,000 ஒளியாண்டு தொலைவு. மண்டலம் முழுவதும் சேர்ந்தே சில நூறு சூரியன்களின் வெளிச்சம்தான். அங்கே தொடக்கத்திலேயே விண்மீன் பிறப்பு நின்றுபோனதால் பழைய கணக்கு கலையாமல் இருக்கிறது. அங்குள்ள சில விண்மீன்களில் இரும்பின் அளவு சூரியனில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2014இல் இதை விரிவாக ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆனா ஃப்ரீபல் என்ற பெண். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்திலும் தி. சிவராணி, அருணா கோஸ்வாமி ஆகியோர் இரும்பு குறைந்த பழைய விண்மீன்களை ஆராய்ந்திருக்கிறார்கள்.

வானியல் இராத்திரி வேலை. பொழுது சாய்ந்தால் பெண்பிள்ளை வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்று நம் ஊரில் சொல்கிறோம். மவுண்ட் வில்சன் பெண்களுக்கு மறுத்ததும் அந்த இரவைத்தான். மார்கரெட் அதை இன்னொருவர் பெயரில் வாங்க வேண்டியிருந்தது. நம் பெண்களுக்கு அது அவரவர் பெயரிலேயே கிடைக்கட்டும்.