பொம்மை டாங்கியின் மூட்டையும் சக்கரமும்: ஒரு போர் வரலாறு

1/
பிளாஸ்டிக் டாங்கி மாடல் செய்கிறவர்கள் இரண்டு வேலைகளைப் பற்றி நிறையப் பேசுவார்கள்.
ஒன்று, டாங்கி மேல் மூட்டை முடிச்சு ஏற்றுவது.
இன்னொன்று, சக்கரத்துக்குப் பெயிண்ட் அடிப்பது.
இரண்டுக்கும் பின்னால் இரண்டாம் உலகப் போரின் கதை இருக்கு. பார்ப்போம் மக்களே.

2/
முதலில் மூட்டை.
அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கி. 1942 முதல் 1945 வரை கிட்டத்தட்ட 50 ஆயிரம் வண்டிகள் தயாராகின. உள்ளே 5 பேர். பீரங்கி, குண்டுகள், ரேடியோ போக மிச்ச இடம் ரொம்பக் குறைவு.
அதனால் போர்வை, தார்ப்பாய், சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர் கேன் எல்லாம் வெளியேதான். குடித்தனமே டாங்கியின் முதுகில்!

3/
அப்புறம் மணல் மூட்டை வந்தது.
ஜெர்மன் சிப்பாய் ஒருவரே தூக்கி வந்து சுடக்கூடிய பான்சர்ஃபாஸ்ட் மீதான பயம்தான் முக்கியக் காரணம்.
தளபதி பேட்டனுக்கு இது பிடிக்கவில்லை. எடை கூடும், பலன் குறைவு என்பது வாதம். 1945ல் அவருடைய படையில், அடிபட்டு நின்ற டாங்கிகளின் இரும்புத் தகட்டை வெட்டி எடுத்து, ஓடும் டாங்கிகளின் முகப்பில் வெல்டிங் வைத்தார்கள்.

4/
ஆனால் உயிரைக் குடித்தது உள்ளே இருந்த சரக்கு.
ஷெர்மன் சீக்கிரம் தீப்பிடிக்கக் காரணம் பெட்ரோல் என்று பலர் நம்பினார்கள். ஜெர்மன் டாங்கிகளும் பெட்ரோலில்தானே ஓடின?
முக்கியக் காரணம் குண்டுகளுக்குள் இருந்த வெடிமருந்து. அவற்றை அடுக்கியிருந்தது பக்கவாட்டில், சங்கிலிக்கு மேலே. எதிரியின் குண்டு துளைக்க வசதியான இடம்.

5/
1944ல் வந்த வண்டிகளில் குண்டுகளை அடித்தளத்துக்கு இறக்கினார்கள். சுற்றிலும் தண்ணீர் கலந்த திரவம்.
1945ல் வந்த அமெரிக்க ராணுவ ஆய்வு: குண்டு துளைத்த பழைய வகை டாங்கிகளில் 60-80% எரிந்தன. புதிய வகையில் 10-15% மட்டுமே.
மூடிய இடத்தில் தீப்பிடித்தால் தோல் மட்டும் வேகாது, சூடான புகை மூச்சுப்பாதையையும் பொசுக்கும். தீக்காய வார்டில் எங்களை அதிகம் பயமுறுத்துவது இதுதான். எந்த மருந்தும் செய்ய முடியாததைப் பொருள் வைக்கிற இடத்தை மாற்றியே செய்துவிட்டார்கள்.

6/
இப்போ சக்கரம்.
ஷெர்மனுக்குப் பக்கத்துக்கு 6 சக்கரம். இரும்பின் மேல் ரப்பர் வளையம். அந்த ரப்பருக்குக் கன்னங்கரேல் என்று அடிக்கக் கூடாது, புழுதி படிந்த சாம்பல் கறுப்புதான் பொருந்தும்.
அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது?

7/
1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பான் கைக்குப் போனதும், அமெரிக்காவுக்கு வந்த இயற்கை ரப்பரில் சுமார் 90% நின்றுபோனது. செயற்கை ரப்பர் ஆலைகள் அவசரமாக எழுந்தன. சங்கிலியில் ரப்பருக்குப் பதில் இரும்பு வந்தது.
சோவியத்திலும் தட்டுப்பாடு. 1942ல் ஸ்டாலின்கிராட் ஆலையில் செய்த டி-34 டாங்கிகளில் பலவற்றின் சக்கரத்துக்கு வெளி ரப்பரே கிடையாது.

8/
மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி நம் தமிழர்கள்.
ஜப்பானியர் அவர்களில் பல்லாயிரம் பேரைச் சயாம்-பர்மா ரயில் பாதை போட இழுத்துப் போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட ஒழுங்காக எழுதப்படவில்லை.

9/
ஆகவே மாடல் செய்பவர்களே, பெயிண்டைத் திறக்கும் முன் அந்த வண்டி எந்த ஆண்டு, எந்த ஆலை என்று பாருங்கள். சக்கரத்தின் நிறம் அதில்தான் இருக்கு.
வீட்டில் பிள்ளைகள் கேட்டால் இந்தக் கதையையும் சொல்லுங்கள்.
ஸ்பிரே அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், மாஸ்க் போடுங்கள்.